பதிவேட்டில் இருந்த பெயர்

எங்கள் தமிழ்ப் பள்ளி ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை நடக்கும். டாலஸ் பக்கம், காப்பெலுக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். பாடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். வார நாட்களில் நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதனால்தானோ என்னவோ, வருகிறவர்களைச் சரிபார்க்கும் பொறுப்பை நிர்வாகக் குழு என்னிடம் கொடுத்தது.

டெக்சாஸில் பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள் தாங்கள் வசிக்கும் ஊரின் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவேட்டை மாநிலம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பெயரைத் தட்டித் தேடலாம். ஜிப் கோடைத் தட்டினால் வரைபடத்தில் புள்ளிகளாக வரும். வீடு வாங்கப் போகிற எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடத்தின் ரேட்டிங்கைப் பார்த்த கையோடு அந்தப் புள்ளிகளையும் பார்ப்பார்கள். நான் ஒவ்வொரு தன்னார்வலரின் பெயரையும் அதில் போட்டுப் பார்ப்பேன். ஒன்றும் வரவில்லை என்றால் என் எக்செல் தாளில் ஒரு டிக். ஐந்து வருடத்தில் ஒரு பெயரும் வந்ததில்லை. வராது என்றே நம்பித்தான் தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

போன வருடம் இலையுதிர் காலத்தில் மூன்றாம் நிலை வகுப்பின் ஆசிரியைக்குக் குழந்தை பிறந்தது. அவருக்குப் பதிலாக ஒருவர் வந்தார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். ஹூஸ்டனில் இருபது வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்ள மனைவியோடு இங்கே குடிவந்தவர். நல்ல உயரம். மெதுவாகப் பேசுவார். ழகரத்துக்கு நாக்கு எங்கே போக வேண்டும் என்று வெள்ளைப் பலகையில் வாயைப் பிளந்து வைத்த ஒரு முதலையை வரைந்து காட்டினார் என்று என் மகள் வீட்டுக்கு வந்து சிரித்தாள். அவளுக்கு ஒன்பது வயது. அவள் அந்த வகுப்பில்தான் இருந்தாள்.

ஆள் உடனே தேவைப்பட்டதால் சரிபார்ப்பதற்கு முன்பே அவரை வகுப்புக்குள் விட்டுவிட்டேன். மூன்று ஞாயிறுகள் கழிந்தன. ஒரு புதன்கிழமை மாலை, சாதம் வெந்துகொண்டிருந்த நேரத்தில், சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவருடைய பெயரைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. டிக் போடப் போனவள் நிறுத்தினேன். நம் பெயர்களில் எது முதல் பெயர், எது கடைசிப் பெயர் என்பது அமெரிக்காவில் ஆளுக்கொரு விதம். சிலருக்கு அப்பாவின் பெயர் பின்னால், சிலருக்கு முன்னால். பாஸ்போர்ட்டில் ஒன்று, ஓட்டுநர் உரிமத்தில் ஒன்று. பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு முகம் வந்தது.

நம் ஊர் முகம். நரைத்த மீசை, ஏறிய நெற்றி, நேராகப் பார்க்கும் கண்கள். ஹூஸ்டன் பக்கத்து முகவரி. கீழே குற்றம் எழுதியிருந்தது. அதற்கும் கீழே பாதிக்கப்பட்டவரைப் பற்றி ஒரே வரி. பெயர் இல்லை. பெண், வயது எட்டு.

அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை. மாடிக்குப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க தமிழ் கிளாஸ் அங்கிள் எப்படிம்மா?"

"ஹி இஸ் நைஸ்."

"உன்னைத் தனியா எங்கயாவது கூட்டிட்டுப் போனாரா? உன்னைத் தொட்டாரா?"

அவள் கையிலிருந்த கலர் பென்சிலைக் கீழே வைத்தாள். "நோ. வொய்?"

"சும்மாதான் கேட்டேன்."

அவள் நம்பவில்லை. அம்மா கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நானும் கற்றுக்கொண்டதில்லை.

கணவர் வந்ததும் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர்தானா?"

"பேரு அதேதான். ஊரும் ஹூஸ்டன்."

"போட்டோ பழசா இருக்கும்போல. அவர் போடற கண்ணாடி வேற இதுல இல்ல. எனக்கு ஷ்யூரா சொல்லத் தெரியல. நீ முதல்ல போலீஸ்ல கேளு. அதுக்கு முன்னாடி யாருக்கும் சொல்லாதே."

பள்ளித் தலைவருக்கு போன் செய்தேன். அவரும் அதையே சொன்னார். சரி என்றேன். இதுவரை நான் செய்ததில் பெரிய தவறு இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தவறு மறுநாள் மதியம் நடந்தது.

அலுவலகத்து பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் இருந்தபோது என் தோழி அழைத்தாள். பதினோரு வருடப் பழக்கம். அவள் மகளும் அதே வகுப்பு. என் குரலைக் கேட்டதுமே "என்னடி ஆச்சு?" என்றாள். சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்காமல், அவள் நம்ப வேண்டுமே என்று அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். படம் முழுதாக விழவில்லை. முகமும் பெயரும் அந்த ஒரு வரியும்தான் அதில் இருந்தன.

"உன் பொண்ணும் அங்க இருக்காளேன்னுதான் சொல்றேன். இன்னும் கன்ஃபர்ம் ஆகல. தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதே."

"ச்சே, நான் ஏன் அனுப்பப் போறேன்?" என்றாள். அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை விடுப்பு எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். பதிவு வேலையைக் கவனிக்கும் பெண் அதிகாரி ஒரு சிறிய அறையில் என்னை உட்கார வைத்தார். மேசையில் கைரேகை எடுக்கும் கருவி, சுவரோரம் புகைப்படம் எடுப்பதற்கான வெளிர்நீலத் திரை. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். அவர் பொறுமையாக விளக்கினார். பட்டியலில் இருக்கிறவர்கள் இங்கே நேரில் வர வேண்டும். சிலர் வருடத்துக்கு ஒரு முறை, சிலர் தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை. வீடு, வேலை, கார், இணையத்தில் என்ன பெயரில் இருக்கிறார்கள் என்பது வரை சொல்ல வேண்டும். வேறு ஊருக்குப் போவதென்றால் ஏழு நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், போய்ச் சேர்ந்த ஏழு நாளுக்குள் அந்த ஊரில் பதிய வேண்டும்.

"அவர் அப்படிப் பதியாமல் வந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"அதுவே ஒரு குற்றம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆளின் பிறந்த தேதி என்ன?"

தெரியாது என்றேன். எங்கள் படிவத்தில் அதைக் கேட்பதில்லை. பதினெட்டு வயது நிரம்பியவரா என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தது.

அவர் தன் திரையில் அதே பக்கத்தைத் திறந்து என் பக்கமாகத் திருப்பினார். "இதில் பிறந்த தேதி இருக்கிறது. உயரம் இருக்கிறது. எடை இருக்கிறது. படித்தீர்களா?"

படித்தேன். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். பிறந்த வருடத்தைக் கணக்குப் போட்டால் வயது நாற்பத்தெட்டு.

எங்கள் வகுப்பில் புரொஜெக்டர் திரை பாதியில் சிக்கிக்கொண்டபோது நாற்காலி போடாமல் கையை நீட்டி இறக்கிவிட்டவர் எங்கள் ஆசிரியர். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. பெயரையும் முகத்தையும் பார்த்தவுடன் மற்ற வரிகளை என் கண் படிக்கவே இல்லை. கைரேகை ஒப்பிடாமல் ஒருவரை உறுதி செய்ய முடியாது என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருந்தது. நுழைவதற்கு முன் நான் சரி என்று அழுத்திய பக்கமே அதுதான். அலுவலகத்தில் ஒரே ஒரு விவரத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டுச் சோதனை முடிந்தது என்று யாராவது சொன்னால் நானே திருப்பி அனுப்புவேன்.

அதிகாரி கதவுவரை வந்தார். "தேடியது சரி. தேடிக்கொண்டே இருங்கள். ஆனால் இதை வைத்து யாரையும் துன்புறுத்தக் கூடாது. வேறு யாரிடமாவது சொன்னீர்களா?"

"ஒரே ஒருவரிடம்" என்றேன்.

காரில் ஏறி போனைப் பார்த்தேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கும் மேல் செய்திகள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நான் அந்தக் குழுவைத் திறக்கவே இல்லை. முதல் செய்தி என் ஸ்கிரீன்ஷாட். அதைப் போட்டது என் தோழி இல்லை; அவள் தன் நாத்தனாருக்கு அனுப்பியிருந்தாள், நாத்தனார் வேறொருவருக்கு. கீழே அந்த ஆசிரியருடைய மகளின் வீடு இருக்கும் குடியிருப்பின் பெயர் இருந்தது. ஒருவர் அவர் ஓட்டும் காரின் நிறத்தை எழுதியிருந்தார்.

தலைவரை அழைத்துச் சொன்னதும் அவர் மறுப்புச் செய்தி போட்டார். வேறு ஆள், வயதும் உயரமும் வேறு, காவல் நிலையத்தில் உறுதி செய்தாயிற்று என்று. அதற்குக் கைகூப்பும் படங்கள் வந்தன. "பரவாயில்ல, எச்சரிக்கையா இருக்கறது நல்லதுதானே" என்று ஒருவர். மற்ற குழுக்களுக்கு மறுப்பு போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படம் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நானும் கணவரும் அவருடைய மகள் வீட்டுக்குப் போனோம். மகள்தான் கதவைத் திறந்தாள். என்னைவிடப் பத்து வயது சிறியவள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"என் ஆபீஸ்ல ஒருத்தங்க அனுப்பினாங்க ஆன்ட்டி. 'இது உங்க அப்பாவா'ன்னு கேட்டு. மீட்டிங்ல உக்காந்திருந்தேன்."

"அதை எடுத்தது நான்தான்மா" என்றேன். "என் தப்பு. அப்பாகிட்ட நேர்ல சொல்லணும்னு வந்திருக்கேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கணவர் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "யாரும்மா? வரச் சொல்லு."

சோபாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றார். குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று நாங்கள் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினோம். நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பெயரைத் திருப்பிப் போட்டது, உயரத்தைப் படிக்காதது, தோழிக்கு அனுப்பியது.

அவர் பேத்தியின் போர்வையைச் சரிசெய்தார்.

"நீங்க தேடினது தப்பில்லம்மா. தேடணும். நாளைக்கு இவளை ஒரு கிளாஸுக்கு அனுப்பினா அங்கயும் யாராவது தேடணும்." குழந்தையின் தலைமுடியை ஒதுக்கினார். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சார், உங்க டேட் ஆஃப் பர்த் என்னன்னு. ஒரு போன். சொல்லியிருப்பேன்."

"பயந்துட்டேன் அங்கிள்."

"தெரியுது. நேத்து சாயங்காலம் இவளைத் தூக்கிட்டுப் பார்க்குக்குப் போனேன். ஊஞ்சல் கிட்ட ரெண்டு பேர் நின்னுட்டிருந்தாங்க, நம்மாளுங்கதான். என்னைப் பாத்துட்டு அவங்க புள்ளைங்களைக் கூப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்குக் காரணம் தெரியாது அப்போ. மழை வருதோன்னு வானத்தைப் பாத்தேன்."

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். என்னால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. கிளம்பும்போது அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, மேசையிலிருந்து ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளின் நோட்டுகள். எல்லாவற்றையும் திருத்தி வைத்திருந்தார்.

"நாளைக்கு வாங்க அங்கிள். நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"வேணாம்மா. நீங்க சொல்லச் சொல்ல அவங்க என் மூஞ்சியைத்தான் பாப்பாங்க."

அவர் வரவில்லை. மறுநாள் பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேசினேன். படத்தைப் பரப்பியவர்கள் எல்லோரும் தலையசைத்தார்கள். தோழி பார்க்கிங்கில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணு அங்க உக்காந்திருந்தாடி. நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?" அவளிடம் கோபப்பட எனக்கு வழியில்லை. நான் செய்ததையேதான் அவளும் செய்தாள், ஓர் ஆள் தள்ளி.

இப்போது எங்கள் படிவத்தில் முழுப் பெயர், அப்பாவின் பெயர், பிறந்த தேதி, முன்பு வசித்த மாநிலங்கள் எல்லாம் கேட்கிறோம். கைரேகை கொடுத்துச் சரிபார்ப்பு முடியாமல் யாரும் வகுப்புக்குள் போவதில்லை. எந்த வகுப்பிலும் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்தே இருக்கும். ஏனென்றால் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் பிடிபட்டவர்கள் மட்டுமே. மகளிடமும் பேசினேன், இந்த முறை பதற்றமில்லாமல், இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக. அந்த அங்கிள் தப்பு ஒன்றும் செய்யவில்லை, அம்மாதான் செய்தாள் என்றேன். "டிட் யூ ஸே ஸாரி?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். "தென் வொய் இஸ் ஹி நாட் கமிங்?" என்றாள். அதற்கு நான் சொன்ன பதில் அவளுக்குப் போதவில்லை.

வசந்த காலத்தில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் வேறொரு தமிழ்ப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர். எங்களிடமிருந்து போன ஆசிரியர் அங்கே கற்பிக்க விண்ணப்பித்திருக்கிறார்.

"உங்க ஸ்கூல்ல மூணு வாரம்தான் இருந்திருக்கார். ஏன் விட்டார்னு தெரிஞ்சுக்கலாமா மேடம்?"

நல்லபடியாக இரண்டு வரி சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் படம் எந்த நாளிலாவது இந்த ஒருங்கிணைப்பாளரின் போனுக்கும் வரக்கூடும். முழுவதையும் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து.

"உங்க நம்பரை எங்களுக்கு யார் குடுத்தாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றார். "ரெஃபரன்ஸ் கேட்டோம். அவரேதான் உங்க பேரை எழுதிக் குடுத்தார். அவங்க உள்ளதைச் சொல்வாங்கன்னார்."

அவர் இப்போது அங்கே சனிக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். பேத்தியும் அங்கேதான் மழலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம். நான் இன்னும் போய் அவரைப் பார்க்கவில்லை.