ஒரு கைப் பாரம்

மடிக்கணினிக் கடையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. பாக்கியரத்தினம் தாளை விரித்துக்கொண்டிருக்கிறார். எட்டாக மடித்து, அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் உறைக்குள் வைத்திருக்கும் தாள் அது. காவலரணில் அட்டையை நீட்டும்போதெல்லாம் தாளும் கூடவே வெளியே வந்துவிடும். இது என்ன என்று சிப்பாய் கேட்டால், "வாங்கப் போற லெப்டொப், சேர்" என்பார். இப்படிச் சொல்லத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. உட்துறைமுக வீதிக் காவலரணில் நிற்கும் ஒருவன் இப்போதெல்லாம் அட்டையைப் பார்ப்பதே இல்லை. "இன்னும் வாங்கவில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுப் போகச் சொல்லிவிடுகிறான்.

தாளில் பன்னிரண்டு வரிகள். திரை, ப்ரொசெசர், ராம், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்ட், பற்றரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எல்லாம் பென்சில் எழுத்து. "பேனையாலை எழுதினால் வெட்ட வேணும். வெட்டின தாளைக் கொண்டுபோனால் கடைக்காரன் மதிக்க மாட்டான்" என்பது அவர் சொல்லும் காரணம். கொழும்பிலிருந்து யார் வந்தாலும் பிடித்துவைத்து விசாரிப்பார். விசாரித்த கையோடு அழிறப்பரை எடுப்பார். ராம் என்ற வரி ஐந்நூற்றுப் பன்னிரண்டில் தொடங்கி, ஒரு ஜீபீயாகி, இரண்டு ஜீபீயாகி, அந்த இடத்தில் தாள் தேய்ந்து, பின்னால் பிடித்திருக்கும் விரல் தெரிகிறது.

முதல் வரி மட்டும் நீலப் பேனையால் எழுதியது. 'ஒரு கையால் தூக்கக்கூடியது.' அந்த வரியில் இன்றுவரை அழிறப்பர் படவில்லை.

தொழில் வடிவமைப்பு. வீட்டு முன்னறையில் ஒரு மேசைக் கணினியை வைத்துக்கொண்டு கல்யாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், ரியூசன் விளம்பரம் எல்லாம் செய்வார். ஆனால் இந்த வருடங்கள் அவருக்கு அள்ளிக் கொடுத்தது மரண அறிவித்தலைத்தான். சாம்பல்தீவிலிருந்தும் கப்பல்துறையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். செத்தவரின் படம் என்று பலரிடம் இருப்பது அடையாள அட்டை ஒன்றுதான். அதை ஸ்கான் பண்ணி, கன்னத்தில் விழுந்திருக்கும் அரசாங்க முத்திரையைப் புள்ளி புள்ளியாக அழித்து முகத்தை மீட்டெடுப்பதில் அவருக்கு நிகர் இந்தப் பக்கத்தில் இல்லை. சட்டை சரியில்லை என்று வீட்டுக்காரர் குறைப்பட்டால் ஒரு கோட் போட்டுவிடுவார்.

அவரிடம் இருப்பது ஒரே ஒரு கோட். கனடாவிலிருக்கும் மைத்துனர் இராசதுரை அனுப்பிய படத்திலிருந்து வெட்டியெடுத்தது. சாம்பல் நிறம், நீல டை. உயிரோடிருந்த காலத்தில் சாரத்தைத் தவிர வேறு எதையும் உடுத்தாத மனிதர்கள் நாற்பது பேராவது அந்தக் கோட்டோடு நகரத்துச் சுவர்களில் நின்றிருக்கிறார்கள். ஒரு முறை ஒரே சுவரில் மூன்று பேர் அடுத்தடுத்து நின்றபோது பார்த்தவர்கள் ஏதோ ஒரே கந்தோரில் வேலை செய்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். இராசதுரை தொலைபேசியில், "என்ரை கோட் எப்பிடி?" என்று விசாரிப்பது வழக்கம். "நல்லா உழைக்குது மச்சான்" என்பார் இவர்.

ஒரு முகத்தை முடித்ததும் எழுந்துபோய் வாயைக் கொப்புளிப்பார். திரும்பி வந்து கார் ஓட்டுவார். கணினியில்தான். பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. தாளில் இது கடைசி வரி: 'சிறு விளையாட்டு (அளவோடு)'. யாராவது வாசிக்க எட்டிப் பார்த்தால் பெருவிரலால் மறைத்துவிடுவார். கிராபிக்ஸ் கார்ட் எதற்கு என்று கேட்டால், "டிசைனுக்குத்தான், வேறை என்னத்துக்கு?" என்று குரலை உயர்த்துவார். மனைவி இராசமலரிடம் ஒரு நாள் உண்மையைச் சொன்னார். "அந்த முகம் கண்ணுக்குள்ளையே நிக்குது. தண்ணியாலை கழுவிப் போகாது. காரிலை கொஞ்சத் தூரம் போனால்தான் போகுது."

ஓட்டும் அழகைப் பார்க்க வேண்டும். மற்றக் கார்கள் எல்லாம் பறக்கும். இவர் இடப்பக்கமாக, மாட்டுவண்டிக்கு வழிவிடுகிறவர் போலப் போவார். வீதியோரம் ஒரு தார்ப் பீப்பாய் தென்பட்டால் போதும், கால் தானாக இல்லாத பிரேக்கைத் தேடும். வீதியில் பீப்பாய் வைத்த காவலரண்களில் வேகத்தைக் குறைக்காதவர்களின் படங்களையும் அவர் சுத்தம் செய்திருக்கிறார். ஆறு வருடத்தில் ஒரு போட்டியிலும் வென்றதில்லை.

"அப்பா, அது சும்மா பீப்பாய்" என்பாள் மகள் மாதுமை.

"பீப்பாய்க்குப் பின்னாலை ஆர் நிக்கிறான் எண்டு உனக்குத் தெரியுமே?"

கந்தோர்க்காரர்கள் வைத்திருக்கும் வியாபார லெப்டொப்தான் வேண்டும் என்பதிலும் பிடிவாதம். விளையாட்டுக்கென்றே செய்த மடிக்கணினிகளின் படங்களைப் பார்த்திருக்கிறார். சிவப்பு விளக்கும் பளபளப்புமாக ஒரு சோதனைச்சாவடியையும் தாண்டாது என்பது அவருடைய கணிப்பு. "கறுப்பாய், சதுரமாய், முகத்திலை ஒரு உணர்ச்சியும் இல்லாமல் இருக்க வேணும். பார்க்கிறவன் கணக்குப் பெட்டி எண்டு நினைக்க வேணும்." கமெரா இருக்கவே கூடாது. கமெரா இருந்தால் எதைப் படம் எடுத்தாய் என்று கேட்பார்கள். எடுக்கவில்லை என்றால், பிறகு ஏன் கமெரா என்பார்கள். இதற்குப் பதில் தேடி மூன்று நாள் யோசித்துவிட்டு அந்த வரியில் 'இல்லாதது' என்று எழுதினார். உலகம் முழுவதும் மனிதர்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்க, இவர் என்ன இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலப் பேனை வரிக்கு இனி வர வேண்டும். அதைப் பற்றி அவராக யாரிடமும் கதைப்பதில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஒரு நாள் துறைமுகப் பக்கம் காது அடைக்கிற சத்தங்கள் கேட்டன. அடுத்த ஷெல் எங்கே விழும் என்று தெரியாமல் ஒழுங்கை முழுவதும் எழுந்து ஓடியது. இராசமலர் காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் இருந்த பையை ஒரு கையிலும், அப்போதுதான் இறக்கிய சோற்றுப் பானையை மற்றக் கையிலும் எடுத்தாள். பாக்கியரத்தினம் வயர்களைப் பிடுங்கிவிட்டு, கணினியின் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிள்ளையைத் தகப்பன் பிடித்திருக்கிறார் என்று தாய் நினைத்தாள். தாய் பிடித்திருக்கிறாள் என்று தகப்பன் நினைத்தார். ஒரு மைல்கட்டைத் தூரம் ஓடி, பள்ளிக்கூட மண்டபத்துக்குள் புகுந்து, பானையையும் பெட்டியையும் பத்திரமாக இறக்கிவைத்த பிறகுதான் இரண்டு பேரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் பிள்ளையைத் தேடினார்கள். மாதுமைக்கு அப்போது ஏழு வயது.

தேடியது நாலு மணித்தியாலம். எந்த வீதியால் போனார், யார் யாரைக் கேட்டார் என்பது அவருக்கு இன்றைக்கும் சரியாக ஞாபகமில்லை. கடைசியில் பிள்ளை ஒரு தேவாலயத்தின் இரண்டாம் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த பிஸ்கற் ஒன்றைப் பாதி தின்று, பாதியை உள்ளங்கையில் வைத்திருந்தாள். தகப்பனைக் கண்டதும் அழவில்லை. முதலில் கேட்டது ஒரு கேள்விதான்.

"அப்பா, கொம்பியூட்டருக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

இராசமலர் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்குச் சோற்றுப் பானையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவள் வாயைத் திறக்காதபடியால் அது முடியாமல் கிடந்தது. வீடு திரும்பிய அன்று கணினிக்கு வயர்களைப் பூட்டி இயக்கிப் பார்த்தார். ஒரு கோப்பும் அழிந்திருக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் அழுதார். பிறகு ஒரு தாளை எடுத்து முதல் வரியை எழுதினார்.

மற்றப் பதினொரு வரிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. அவை வந்ததும் முதல் வரிக்குப் பகையாகிவிட்டன. வடிவமைப்புக்குப் பெரிய திரை வேண்டும். பெரிய திரை பாரம். காருக்குத் தனி கிராபிக்ஸ் கார்ட் வேண்டும், அதுவும் பாரம். மின்வெட்டைத் தாண்ட நீண்ட பற்றரி வேண்டும். அது எல்லாவற்றிலும் பாரம். இப்படித்தான் இரண்டு வருடம் போனது. ஊர் அவரை முடிவெடுக்கத் தெரியாத மனிதர் என்று சொல்லிச் சிரித்தது.

கிண்ணியாவைச் சேர்ந்த லாபிர் மட்டும் சிரிக்கவில்லை. சிங்கப்பூர்க் கந்தோர்களில் பாவித்துக் கழித்த மடிக்கணினிகளை வாங்கித் துடைத்து, பெரிய கடைத்தெருவில் விற்கிறவன் அவன். எட்டு மாதமாகப் புதன்கிழமை தோறும் வந்து, எல்லாவற்றையும் திறந்து மூடிப் பார்த்து, தாளில் எதையோ அழித்துவிட்டுப் போகும் இந்த மனிதருக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் வரவழைத்தான். "எடுக்காட்டிப் பரவாயில்ல அண்ணன். நீங்க வந்து போனா எனக்கே எந்தச் சாமான் நல்லதெண்டு தெளிவா வெளங்குது" என்பான். அது உண்மைதான். இவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடியே அவன் தொழில் படித்தான்.

இந்தக் கார்த்திகையில் வானம் முடிவெடுத்தது. ஒரு பின்னேரம் மின்னல் வெட்டி, மேசைக் கணினி புகைந்து நின்றது. உள்ளே ஒரு கிழவரின் முகம் பாதி முத்திரையோடு கிடந்தது. நாளை மறுநாள் அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு. வீட்டுக்காரர் ஏற்கெனவே கோட்டுக்கும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலையே மாதுமையைக் கூட்டிக்கொண்டு லாபிரின் கடைக்குப் போனார். அவளுக்கு இப்போது பத்து வயது நெருங்குகிறது. தகப்பனின் நெஞ்சுக்கு வளர்ந்துவிட்டாள். மேசையில் மூன்று இருந்தன. பெரியது தாளின் பதினொரு வரிகளுக்கும் சரி. சின்னது நீல வரிக்கு மட்டும் சரி. நடுவிலிருந்தது எல்லாவற்றுக்கும் அரைகுறையாகச் சரி. மூடியில் ஒரு கீறலும் இருந்தது.

லாபிர் பெரியதில் காரை ஓடவிட்டான். மாதுமை கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பீப்பாய்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முதலாவதாக வந்தாள். "அப்பா, இதை எடுப்பம்!" கண் பூக்கிற திரை. கிழவரின் முகத்தை அதில் ஒரு மணித்தியாலத்தில் மீட்டுவிடலாம். பாக்கியரத்தினம் தாளை விரித்து, கீழிருந்து மேலாகப் பதினொரு வரிகளுக்கும் சரி போட்டுக்கொண்டே போய், முதல் வரியில் பென்சிலை நிறுத்தினார்.

"தம்பி, சார்ஜரையும் சேர்த்துப் பையிலை போடுங்கோ. நடந்து பார்க்க வேணும்."

"நடந்து பாக்கவா? கொம்பியூட்டரா வாங்குறீங்க அண்ணன், செருப்பா?" என்றான் லாபிர். ஆனாலும் போட்டுக் கொடுத்தான்.

பையை இடக்கையில் தூக்கிக்கொண்டு கடையின் உட்சுவரிலிருந்து வாசல்வரை விறுவிறுவென்று நடந்தார். பாதி வழியிலேயே உடம்பு இடப்பக்கம் சரிந்தது. நின்றார். திரும்பி வந்து பையை மேசையில் வைத்தார்.

"இது ஏலாது."

"என்ன குறை அண்ணன்? எல்லாம் இரிக்கே இதுல!"

"குறை ஒண்டும் இல்லை. இந்தப் பக்கம் இழுக்குது. மற்றதைப் போடுங்கோ. கீறல் விழுந்ததை."

இரண்டாம் முறை கிளம்பினார். இம்முறை உடம்பு இடப்பக்கம் சரியவில்லை. வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. வலக்கை கீழே நீண்டு, விரல்கள் எதையோ விட்டுவிடாமல் பொத்திப் பிடித்த மாதிரி மடிந்திருந்தன. காலடி எட்டுகளும் குறுகிவிட்டன. அவ்வளவு உயரமான மனிதர், யாரோ கூடவே ஓடிவரக்கூடிய அளவுக்குச் சின்னச் சின்ன எட்டாக வைத்துக் கடைக்குள் விரைந்துகொண்டிருந்தார்.

"அண்ணன், அந்தக் கையில என்னத்தப் புடிச்சிருக்கீங்க?" என்று கேட்டான் லாபிர்.

மாதுமை திரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய கார் ஒரு பீப்பாயில் மோதி நின்றது. அவர் வாசலைத் தொட்டுத் திரும்பும்போது அவள் எழுந்து வலப்பக்கமாகப் போய், பொத்தியிருந்த விரல்களை விலக்கித் தன் கையை உள்ளே வைத்தாள். இப்போது அவளுக்கும் நீளமான எட்டுத்தான். அதைச் சுருக்கிக்கொண்டு அவரோடு நடந்தாள்.