சடையும் சிவப்புக் கட்டமும்

ஓசூரில் நான் டாக்டராக வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு எக்ஸ்ரே படம் பார்த்து நோய் சொல்லும் ஏ.ஐ. வந்தபோது, கிருஷ்ணகிரியில் இருக்கும் என் சீனியர் டாக்டர் போனில், "இனிமே நம்மள யாரும்மா தேடப்போறாங்க?" என்று புலம்பினார். எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கோ ஒரே குஷி. "அது டீ குடிக்கப் போவாது, லீவு கேக்காது மேடம்" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் இருவரையும் பொருட்படுத்தவில்லை. நெஞ்சுப் படம் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதை மறைத்ததும் இல்லை.

வந்த புதிதில் ஏ.ஐ. அந்தத் திமிரை வளர்க்கத்தான் செய்தது. இங்கே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேரப்போகும் பெண்களை மொத்தமாக பஸ்ஸில் ஏற்றி மருத்துவச் சோதனைக்கு அனுப்புவார்கள். செயினைக் கழற்றச் சொல்வோம், சடையை மறந்துவிடுவோம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையைத் தோள் வழியே முன்னால் போட்டுக்கொண்டு நிற்பார்கள். படத்தில் அது நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக விழும். ஏ.ஐ. உடனே அதன்மேல் ஒரு சிவப்புக் கட்டம் போட்டு, காசநோயாக இருக்கலாம் என்றுவிடும். கொண்டை போடச் சொல்லி மறுபடி எடுத்தால் கட்டம் காணாமல் போகும். இந்தக் கதை வரிசையில் நிற்கும் பெண்கள் வரை பரவி, எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

அப்படித்தான் ஒரு நாள் வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். மறுநாள் வேலையில் சேர வேண்டும். மத்திகிரியில் தோழிகளோடு வீடுகூடப் பிடித்துவிட்டாள். அவள் படத்திலும் சடை, அதன்மேல் சிவப்புக் கட்டம்.

"சடதான் மேடம், நார்மல்னு போட்டுடலாம். பஸ் நிக்குது" என்றார் டெக்னீஷியன்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கண்ணால் பார்க்காத இடத்தை நார்மல் என்று எழுத எனக்குக் கை வராது. "பஸ் நிக்கட்டும்" என்றேன்.

இரண்டாவது படத்தில் சடை இல்லை. கட்டம் மட்டும் இருந்தது. அதற்குள் பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல் ஒரு நிழல். ஏ.ஐ. மேல் கோபம் வரவில்லை. அது காட்டியது, நான் பார்த்தேன், இரண்டும் வேண்டியிருந்தது. இன்றும் என் கருத்து அதுதான்.

கம்பெனி ஆள் போனில், "ஃபிட்டா, அன்ஃபிட்டா? ஒரே வார்த்தைல சொல்லுங்க மேடம்" என்றார்.

"இன்னொரு டெஸ்ட் பாக்கி இருக்கு. அது வர்ற வரைக்கும் அவ இடத்த யாருக்கும் குடுக்காதீங்க" என்றேன். என் குரலே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். சரி என்றார்.

அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். இருமல் இருக்கிறதா என்று கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை அவிழ்த்து, வலிக்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டினாள்.

"சரியா போடல மேடம். இன்னொரு வாட்டி எடுங்க."

அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"சரியாத்தான் போட்டிருந்தம்மா. இது சட இல்ல. காசநோய் மாதிரி தெரியுது, சளிய டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். அதுவாவே இருந்தாலும் மருந்துல சரியாயிடும். மிஷின் சொல்லல, நான் சொல்றேன்."