பாட்டு ஓடினால் பேசாத கணினி

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே சின்ன கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது என்பதால் மத்தியானத்துக்கு மேல் அதன் சொந்தக்காரர் எங்களுக்காகத் திறந்து வைப்பார். நாங்கள் என்றால், வீட்டுக் கணினியில் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொண்டு, அது ஓடாதபோது ஒருவரையொருவர் தேடி அலைந்த ஏழெட்டுப் பேர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. டெலிபோன் லைனில் இன்டர்நெட் ஊர்ந்த காலம். புது வெர்ஷன் வந்தால் யாராவது ஆபீசில் இறக்கி சிடியில் எழுதிக் கொண்டுவருவார்கள். அதைச் சுற்றி நாங்கள் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி உட்கார்ந்துவிடுவோம்.

சென்டர்காரர் அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவர். எல்லாரையும் பிரதர் என்பார். பெண்களையும் அவசரத்தில் பிரதர் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். அவருடைய பழைய கணினிகளை ஓடவைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். மலிவு விலையில் வாங்கிய சவுண்ட் கார்டுகளிலிருந்து சத்தம் வரவழைக்கவே பல வாரம் மல்லுக்கட்டியிருக்கிறார்.

சேலத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் இருந்தாள். இரண்டு பஸ் மாறி வருவாள். சிடிக்களைப் பெரும்பாலும் அவள்தான் கொண்டுவருவாள். ஒரு ஞாயிறு அவள் கொண்டுவந்த வெர்ஷனில் ஒலிக்கான பழைய மென்பொருளை அடியோடு எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருந்தார்கள். சண்டை அங்கே ஆரம்பித்தது.

"ஓடிட்டிருக்கிறத எதுக்கு பிரதர் பிரிச்சுப் போடணும்? சத்தம் வருதா இல்லையா? வருது. அப்புறம் என்ன?" என்றார் சென்டர்காரர்.

"அத எழுதினவங்களே இனிமே பாக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்கண்ணா. நாளைக்குப் புது கார்டு வாங்குனீங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"புதுசு வாங்கினா பாத்துக்கலாம். இப்போ நக்கோ, வேணாம்."

நேரில் இவ்வளவுதான். அவர் கீழே பேக்கரிக்குச் சொல்லி அனுப்பி அவளுக்குப் பிடித்த தேங்காய் பன் வரவழைப்பார்; அவளும் தின்றுகொண்டே வாதாடுவாள். ஆனால் எங்களுக்கு ஒரு மெயில் குழுவும் இருந்தது. அதில் எல்லாரும் இங்கிலீஷில் எழுதுவோம். அந்த இங்கிலீஷில் எங்களுக்குக் கோபப்படத் தெரிந்ததே தவிர, கொஞ்சத் தெரியவில்லை. "வேலை வெட்டி இல்லாதவர்கள்தான் வாரம் ஒரு சிஸ்டம் மாற்றுவார்கள்" என்கிற பொருளில் அவர் ஒன்று எழுதினார். "அருங்காட்சியகம் நடத்துகிறவர்களோடு பேசிப் பயனில்லை" என்று அவள் பதில் போட்டாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இந்தச் சண்டையில் சென்டர்காரரின் பெரிய ஆயுதம், நாங்கள் சார் என்று கூப்பிட்ட ஒருவர். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை அவருடைய கணினியில் போட்டுக்கொடுத்தவரே சென்டர்காரர்தான். அந்தக் குரல் பழைய ஒலி மென்பொருள் வழியாகத்தான் வெளியே வரும். "மாத்தினா சாரோட மெஷின் வாய மூடிக்கும். அந்தப் பாவத்த யார் கட்டிக்கிறது?" என்கிற அர்த்தத்தில் அவர் எழுதியபோது குழுவே அடங்கிவிட்டது. நானும் அவர் கட்சிதான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் சாரைப் பார்க்கப் போனேன். விவேக் நகரில் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. மூன்று தலைமுறையாக பெங்களூர்க் குடும்பம். அவருடைய அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். சார் கணினிமுன் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, உங்க சண்டையத்தான் கேட்டுண்டிருக்கேன்" என்றார். "இது எல்லாத்தையும் ஒரே குரல்ல படிக்கும், தெரியுமோ? அவர் கத்தறதையும் அந்தப் பொண்ணு கத்தறதையும் ஸ்டேஷன்ல ரயில் அறிவிக்கிற மாதிரி வாசிக்கிறது. கோபமே வரமாட்டேங்கறது."

நான் அசடு வழிந்தேன். "நீங்க ஏன் சார் ஒண்ணுமே எழுதல?"

"என்னப் பத்தி எல்லாரும் எழுதினேளே தவிர, என்ன யாரும் கேக்கலையே!"

"இப்போ கேக்கறேன் சார்."

அவர் ஒரு வீணைக் கச்சேரியை ஓடவிட்டார். பிறகு விசைப்பலகையில் ஏதோ தட்டினார். வீணை மட்டும் கேட்டது, குரல் வரவில்லை. மறுபடி தட்டினார். வரவில்லை. பழைய மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு நிரலைத்தான் ஒலிக்க விடும். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அதற்கு இந்த அறையில் என்ன பொருள் என்று நான் யோசித்ததில்லை.

"பாட்டு ஓடறச்சேதான்பா எனக்குக் கண்ணு தெரியாத மாதிரி இருக்கு" என்றார் சார். "பாட்ட நிறுத்தணும்னா எங்க இருக்கேன்னு தெரியணும். அதச் சொல்ல வேண்டிய குரல் பாட்டு முடியறவரைக்கும் வராது. சுவிட்ச அணைச்சுடுவேன். அந்தப் பொண்ணு சொல்ற புதுசுல ரெண்டும் சேர்ந்து கேக்குமாமே?"

"கேக்கும்னு சொல்றா சார். ஆனா உங்க படிக்கிற மென்பொருள் அதுல ஒழுங்கா ஓடுமான்னு தெரியாது."

"தெரியாதுன்னா பாத்துடலாமே. ரெண்டு பேரையும் சனிக்கிழமை வரச்சொல்லு. நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

வந்தார்கள். சென்டர்காரரை நான் ஸ்கூட்டரில் அழைத்துப்போனேன். அவள் எங்களுக்கு முன்பே வந்து, சாரின் மனைவியோடு சமையலறை வாசலில் பேசிக்கொண்டிருந்தாள். சென்டர்காரரைப் பார்த்ததும் "வாங்கண்ணா" என்றாள். "ம்" என்றார்.

சாருடைய கோப்புகளுக்கெல்லாம் பிரதி எடுத்து வைத்துவிட்டு அவள் புதியதைப் போட்டாள். வீணை வந்தது. குரலும் வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் திக்கித் திக்கி. பிறகு வீணை நின்றது. பிறகு இரண்டுமே நின்றுவிட்டன. அவள் எதையெதையோ மாற்றிப் பார்த்தாள். நெற்றியில் வேர்த்தது. சென்டர்காரர் ஜன்னலோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று எந்த நிமிஷமும் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

சாரின் மனைவி பஜ்ஜித் தட்டோடு வந்து, "சாக்கு, சாக்கு, எழுந்து வாங்கோ" என்றார். போதும் என்பதற்கு அந்த வீட்டில் கன்னடத்தில்தான் சொல்வார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். சென்டர்காரரும் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உன்னோடது சரியாத்தான் இருக்கு பிரதர்" என்றார். நாக்கைக் கடித்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டார். "அந்தப் படிக்கிற புரோகிராம்தான் தப்பு. சத்தத்த நேரா கார்டுக்கே அனுப்புன்னு நான்தான் அதுல எழுதிவச்சேன். உன் புதுசு இருக்கிறது அதுக்குத் தெரியாது. தள்ளு, நான் எழுதினத நானே பாக்குறேன்."

அதன்பிறகு அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். அவள் கேட்கக் கேட்க அவர் ஞாபகப்படுத்திச் சொன்னார். பஜ்ஜி ஆறிப்போனது. ஒரு கட்டத்தில் வீணை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் மேல் அந்த ரயில்வே குரல் தெளிவாக ஏதோ ஒரு கோப்பின் பெயரைச் சொன்னது.

சார் கையைத் தூக்கி எங்களை அமைதியாக இருக்கச் சொன்னார். வீணையின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். ஒரு மெயிலைத் திறந்தார். மூடினார். இன்னொன்றைத் திறந்தார். பாட்டு நிற்கவே இல்லை. அவர் வெகுநேரம் அப்படியே செய்துகொண்டிருந்தார். நாங்கள் மூவரும் நின்றபடியே ஆறின பஜ்ஜியைத் தின்றோம்.

எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. மறுவாரமே சார் குழுவுக்குத் தன் முதல் மெயிலை எழுதினார்: புதுக் குரலுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது, யாராவது வந்து கஷாயம் கொடுக்கவும். சென்டர்காரர் இரண்டு தடவை போய்ச் சரிசெய்தார். மூன்றாவது தடவை அவள் போனாள். நான் போன் செய்தபோது சாரின் மனைவி எடுத்து, "முன்னெல்லாம் ஒண்ணு பாடும், இல்லேன்னா பேசும். இப்ப ரெண்டும் சேர்ந்துண்டு கத்தறது. நான் காப்பிக்குக் கூப்பிட்டா அவருக்குக் காது கேக்கறதில்ல" என்று குறைப்பட்டுக்கொண்டார். குரலில் சிரிப்பு இருந்தது.

அவள் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தாள். ஆனால் சென்டர்காரர் தன் கணினிகளை மாற்றவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் பழையதிலேயே ஓட்டினார். அவளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு நாங்கள் மாடிக்கு ஏறியபோது எல்லாக் கணினிகளிலும் வேறு வேறு பாட்டு ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கீழே பேக்கரிக்காரர் வந்து திட்டிவிட்டுப் போகும் அளவுக்கு. "சும்னே, சும்மா போட்டுப் பாத்தேன்" என்றார் சென்டர்காரர், யாரையும் நேராகப் பார்க்காமல்.

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கணினியாகப் போய்ப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கண்ணா" என்றாள். அவர் முகம் சிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அரைமணி நேரத்தில் திரையின் புது மெனு பிடிக்கவில்லை என்று இருவரும் அடுத்த சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சண்டையை அவர்கள் மெயிலில் போடவில்லை.