வேண்டாம் என்றவர்களின் பட்டியல்

போன வியாழக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்திலிருந்து கடைக்கு வரும் பஸ்ஸில், கடை நண்பர் ஒருவர் போனில் அனுப்பிய செய்தியைப் படித்தேன். "நம்ம ஜெயந்தி மேடம் தவறிட்டாங்க. மாரடைப்பு. காட்டூர் வீட்டுல வச்சிருக்காங்க." முந்தின நாள் மாலைகூட என்னிடம் போனில் பேசியவர். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, கடைக்குப் போகாமல் காட்டூர் பஸ் ஏறினேன்.

திருச்சியில் குழந்தைகள் துணிக்கடை ஒன்றில் பத்து வருடங்களுக்கு மேல் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் விளம்பரப் பிரிவு மேலாளர். வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதும் அவர்களுடைய புகார்களைக் கேட்பதும் ஜெயந்தியின் பொறுப்பு. துறையூர்க்காரர். குரலை உயர்த்திப் பேசியதில்லை. சொன்ன சொல்லிலிருந்து இறங்கி வந்ததும் இல்லை. இதைப் படிப்பவர்களில் அவரோடு பழகியவர்களுக்கு இது தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் மேஜைக்கு வந்தார். "நம்ம மெயில் இனிமே வேண்டாம்னா என்ன பண்ணணும்னு நீங்களே ஒரு தடவை பண்ணிப் பாருங்க சார்" என்றார். விலகுவதற்கான பக்கத்தைத் திறந்ததும் கடவுச்சொல் கேட்டது. பிறகு ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டது. பிறகு உண்மையாகவே விலகுகிறீர்களா என்றது. கால் மணி நேரம் போராடியும் என்னால் விலக முடியவில்லை. "கடைக்குள்ள வர்றவங்களுக்குக் கதவைத் திறந்து விடுறோம். போறவங்களுக்கும் திறந்துதானே விடணும்?" என்றார். நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

ஒரு தீபாவளிக்கு முன்னால், விளம்பர மின்னஞ்சலை விலகியவர்களுக்கும் சேர்த்து அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். ஜெயந்தி மறுத்தார். "வேண்டாம்னு சொன்னவங்க சார் அவங்க." விற்பனை மந்தமாக இருந்த நேரம். பழைய பட்டியலைச் சேர்த்து, என் கணினியிலிருந்து நானே அனுப்பினேன்.

மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டார். ஜெயந்தி போனை எடுத்தார். நான் எதிரில் இருந்தேன். மின்னஞ்சலில் "உங்கள் செல்லத்துக்கு முதல் தீபாவளி" என்று எழுதியிருந்தோம். அந்தக் குழந்தை பிறந்து எட்டாம் நாள் இறந்திருந்தது. அவர் நிறுத்தச் சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஜெயந்தி முழுவதையும் கேட்டார். "எங்க தப்புங்க. நீங்க காரணமே சொல்லியிருக்க வேண்டியதில்லை. இனி வராது" என்றார். யார் தப்பு என்று சொல்லவில்லை. போனை வைத்த பிறகும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணின் முகவரி எங்களிடம் இருந்தது, ஸ்ரீரங்கம்தான். நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். என் குற்ற உணர்ச்சி அப்படிப் பேச வைத்தது.

"போகாதீங்க சார். நம்மகிட்டேயிருந்து எதுவும் வரக் கூடாதுன்னுதான் கேட்டாங்க. மன்னிப்பும் நம்மகிட்டேயிருந்து போறதுதானே?"

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"இன்னொருத்தருக்கு இது நடக்காம பாருங்க. அது நம்ம கையில இருக்கு."

முதலாளியிடம் போய் நான்தான் அனுப்பினேன் என்று சொன்னேன். ஜெயந்தி கூட வந்து நின்றார். ஜெயந்திக்கு முன்னால் முதலாளியிடம் திட்டு வாங்குவது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. அந்த வாரமே கடவுச்சொல், கேள்விகள் எல்லாம் போயின. விலக ஒரு முறை தொட்டால் போதும். விலகியவர் பெயரை யாரும், நான் உட்பட, திரும்பச் சேர்க்க முடியாதபடி செய்தோம். அந்தப் பெண் பிறகு எங்கள் கடைக்கு வந்தாரா என்று தெரியாது. தேடிப் பார்க்க ஜெயந்தி விடவில்லை.

அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து கணக்குப் பிரிவு நண்பர் ஒருவர் விலகியபோது, நாங்கள் மூன்று முறை அவரைத் திரும்பச் சேர்த்தோம். "அவரை விடுங்களேன், நிம்மதியா இருக்கட்டும்" என்றார் ஜெயந்தி. மறுநாள் ஜெயந்தியும் குழுவிலிருந்து விலகிவிட்டார். இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

போன மாதம் என் மகள், தனக்கு இப்போது வரன் பார்க்க வேண்டாம் என்றாள். ஏன் என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. "சரிம்மா, நிறுத்திடுறேன்" என்றேன்.

"அவ்வளவுதானாப்பா?"

"அவ்வளவுதான்."

வாதாடத் தயாராக வந்தவள் போலிருக்கிறது. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்காததையெல்லாம் அவளாகவே சொல்லத் தொடங்கினாள்.

ஜெயந்தியிடமிருந்து என்னோடு இருக்கப்போவது இதுதான்: ஒருவர் வேண்டாம் என்றால் அதை அப்படியே கேட்டுக்கொள்ளும் பழக்கம். என் வீட்டில் அது என்ன செய்தது என்று அவரிடம் சொல்ல நினைத்திருந்தேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிட்டேன்.