சொன்ன சொல் மாறாமல்

கண்ணைக் கட்டிவிட்டாலும் பொற்கொடி வயர் முனையில் டெர்மினல் மாட்டிவிடுவாள். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் பழகிய விரல்கள். கல்யாணமாகி மாடசாமியோடு ஓசூர் வந்து, கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனியில் சேர்ந்து ஒன்பது வருஷம். ஒரு வருஷம் சிறந்த தொழிலாளி என்று ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அதை இன்னும் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை; வீட்டுக்கு யார் வந்தாலும் பெட்டியோடு காட்டுவாள். எனக்கே மூன்று தடவை காட்டியிருக்கிறாள்.

நான் கிருபாராணி. கெலமங்கலம் ரோட்டில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பென்ஷன், பட்டா, ரேஷன் கார்டு என்று ஊர்க்காரர்களின் கஷ்டத்தையெல்லாம் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்துக் கொடுக்கிற வேலை. நானும் பொற்கொடியும் ஒரே காம்பவுண்டில் குடியிருக்கிறோம். அதனால்தான் என்னிடம் வந்தாள். வேறு யாரிடமாவது போயிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

"எக்கா, எங்க லைன் சூப்பர்வைசர் பூபதி சாடைமாடையாப் பேசுதாரு. அஞ்சு மாசமாச்சு."

"திருப்பிக் கேக்க வேண்டியதுதானேம்மா?"

"எங்கிட்ட நேராப் பேசுனா நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டுருவேன். அவரு கோபி அண்ணன்கிட்டல்லா பேசுதாரு."

கோபி டிராலியில் சாமான் கொண்டுவந்து போடுகிற ஐம்பது வயது மனிதர். பொற்கொடி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி வைத்துக்கொண்டு பூபதி ஏதாவது சொல்வார். கோபி பாவம், தரையைப் பார்ப்பார். லைனில் இருக்கிற எல்லோருக்கும் அது யாருக்குப் போகிற பேச்சு என்று தெரியும்.

"லைன் மாத்திக் குடுத்தாப் போதும்க்கா. வேலை போயிரக் கூடாது. அவுகளுக்குத் தெரியவும் கூடாது" என்றாள். 'அவுக' என்றது மாடசாமியை. வேறொரு கம்பெனியில் நைட் ஷிப்ட். கோபக்காரன். தெரிந்தால் கம்பெனி கேட் வாசலில் போய் நிற்பான். அப்புறம் இரண்டு பேர் வேலையும் போகும்.

கம்பெனியில் பெண்கள் புகார் கொடுக்க ஒரு கமிட்டி இருந்தது. 'மேற்பார்வையாளர் பூபதி அவர்கள் என்னைக் குறித்துச் சாடைமாடையாகப் பேசிவருகிறார்' என்று அரைப் பக்கத்தில் அழகாக டைப் செய்து கொடுத்தேன். அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, 'உதாரணம் தேவை. சொன்ன சொல் மாறாமல் எழுதவும்' என்று திருப்பி அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் 'வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்பார்களே, அதேதான்.

பொற்கொடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் கடையில் உட்கார்ந்து ஞாபகப்படுத்திச் சொன்னாள். 'ஏம்ப்பா கோபி, இந்த வாரம் பாதிப் பேர் வூட்டுல ஆம்பளைங்க நைட் ஷிப்ட் போல?' 'ஓசூர்க் குளிரு ஒண்டியாத் தாங்காது கோபி.' 'மல்லிப்பூ வாசம் வந்துடுச்சு, இனி லைனுக்கே களைதான்.'

"இதச் சொல்லும்போது அவரு கண்ணு எங்க இருந்துச்சுன்னும் எழுதுங்கக்கா. சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாரு, அதையும்."

"அதெல்லாம் மனுவுல எழுதுனா நமக்குத்தாம்மா அசிங்கம். நாலு பேர் படிப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம். கண்ணையும் சிரிப்பையும் எடுத்துவிட்டு, 'வூட்டுல' என்பதை 'வீட்டில்' என்று திருத்தி, ஒவ்வொரு வரிக்கும் 'என்று கூறினார்' சேர்த்து, ஐந்து வாக்கியம் டைப் செய்தேன். ஒரு எழுத்துப்பிழை கிடையாது. என்னை எதால் அடிப்பது?

புகாரின் நகலை பூபதிக்குக் கொடுக்க வேண்டுமாம், அது விதி. அவர் ஒவ்வொரு வரிக்கும் எழுத்தில் பதில் கொடுத்தார். ஷிப்ட் விவரம் விசாரித்தேன். கோபியின் மனைவி ஊரில் இருக்கிறார், அதனால் குளிரைப் பற்றி அக்கறையாகச் சொன்னேன். பூ வைப்பது நம் பண்பாடு, பாராட்டினேன்.

விசாரணை அன்று கமிட்டி மேடம் அந்த ஐந்து வாக்கியங்களையும் சத்தமாகப் படித்தாராம். பெங்களூர்க்காரர், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். 'குளிர்... தாங்காது... கோபி' என்று அவர் படித்தபோது, தனக்கே அது ஒன்றுமில்லாத பேச்சாகக் கேட்டது என்றாள் பொற்கொடி. கோபியைக் கூப்பிட்டார்கள். "எங்கிட்ட அன்பாத்தாங்க பேசுவாரு" என்றார். பக்கத்தில் நின்று வேலை செய்யும் உத்தனப்பள்ளி ராஜலட்சுமி சாட்சி சொல்ல வருவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். அந்த மாதம் அவள் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம். "மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க மேடம்" என்றாளாம். அவள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. பொற்கொடிக்கு வரவில்லை. "அவளுக்கு ரெண்டு பிள்ளைக்கா" என்றாள்.

பதினைந்து நாளில் முடிவு வந்தது. 'குறிப்பிடப்பட்ட வாக்கியங்களில் தவறான பொருள் எதுவும் காணப்படவில்லை. இரு தரப்பினரும் ஒத்துழைத்துப் பணிபுரியவும்.' லைன் மாற்றம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறு வாரம் கடையை மூடுகிற நேரத்தில் வந்தாள். யூனிபார்ம்கூட மாற்றவில்லை.

"இப்ப சாடையாப் பேசலக்கா. நேராவே பேசுதாரு."

"என்னன்னு?"

"நீங்க எழுதுனதத்தான். தெனம் ஒரு வரி. 'பொற்கொடி அம்மா, ஓசூர்க் குளிர் தாங்காது இல்லீங்களா? பயப்படாதீங்க, இது கமிட்டி பாஸ் பண்ணுனதுதான்'ங்காரு. லைனே சிரிக்கு. ராஜலட்சுமி மட்டும் சிரிக்கல, அழுதா."

மேலே எழுதலாம், கலெக்டருக்கு எழுதலாம் என்று ஏதேதோ பேசினேன். அந்தக் கண்ணையும் சிரிப்பையும் இப்போதாவது எழுதுகிறேன் என்றேன். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அதையும் அவரிடம் கொடுப்பார்கள், அதற்கும் அவர் பதில் எழுதுவார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாடசாமி காதுக்கு எட்டுவதற்குள் தானே விலகிவிட வேண்டும் என்றாள்.

கம்ப்யூட்டரைத் திரும்பவும் போட்டேன். ஒன்பது வருஷ வேலையை விடுவதற்கு நான்கு வரி போதுமாக இருந்தது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று டைப் செய்து அவள் முகத்தைப் பார்த்தேன். சரி என்றாள். மறுநாள் காலையில் கொடுத்தாள்; மத்தியானத்துக்குள் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கடிதத்துக்கு யாரும் உதாரணம் கேட்கவில்லை.