மூச்சு விட இடம் வைத்த பாட்டு

நாற்றுக்கட்டைத் தூக்கும்போது இடது விலாவில் சுருக்கென்றது. வாயுப்பிடிப்பு என்று இஞ்சிச்சாறு குடித்துவிட்டு இருந்தேன். பத்தாம் நாள் காய்ச்சலோடு புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

ப்ளூரேசி (நுரையீரலைச் சுற்றி நீர் கட்டுவது) என்றார் டாக்டர். முதுகுப் பக்கம் ஊசி செலுத்தி நீரை எடுத்தார்கள். உங்களுக்கும் எடுக்கச் சொன்னால் ஊசியைப் பார்க்காதீர்கள். சிவசிவ என்று சொல்லிக்கொண்டிருங்கள், முடிந்துவிடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு காரியம் சொன்னார். நல்ல ஓய்வு வேண்டும். தினமும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மெல்ல விடவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஒட்டிப்போகும். இழுத்தால் வலித்தது. அதனால் நான் இழுக்கவே இல்லை. அது தப்பு.

வில்லியனூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே கோபாலுவின் காப்பிக் கடை. விடிந்ததும் அங்கே கிராமபோனில் சினிமாப் பாட்டு ஓடும். கோயிலுக்குப் போகிற தெருவில் இது ஆகாது என்று பலமுறை சண்டை போட்டவன் நான். தெருவில் சாவு விழுந்தால் மட்டுமே அவர் பெட்டியை மூடுவார்.

நான் வந்து படுத்த மறுநாள் பெட்டி பாடவில்லை. அடுத்த நாளும் இல்லை. தெருவில் யாரும் சாகவில்லை. எனக்காகத்தான் மூடிவிட்டார்கள், டாக்டர் சொன்னதை என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கஞ்சியைத் தள்ளிவிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு இப்ப?" என்றாள் மனைவி.

"கோபாலு பொட்டிய மூடிட்டானே."

"நான்தான் மூடச் சொன்னேன். ஓய்வு வேணும்னு டாக்டரு சொல்லல? அதுக்குள்ள பாடையில ஏறிட்டீங்களா?" சிரிக்கத் தொடங்கியவள் அழுதுவிட்டாள்.

"போயி பாடச் சொல்லு" என்றேன்.

கோபாலு வாசலுக்கே வந்துவிட்டார். "நல்லா இருக்கசொல்ல நிறுத்துன்னீங்க. படுத்துக்கினு போடுன்றீங்க. ஒரு முடிவுக்கு வாங்கண்ணே."

படுத்தபடி கேட்டதில், நின்று சண்டை போட்டபோது கேட்காதது கேட்டது. பாடுகிற அம்மாள் நீண்ட அடியை ஒரே மூச்சில் முடிக்கிறார். உடனே பிடில் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் அவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். மெட்டுப் போட்டவர் யோசித்து இடம் விட்டிருக்கிறார். பிடில் வரும்போது நானும் இழுத்தேன், அம்மாள் பாடும்போது மெல்ல விட்டேன். முதலில் பாதி அடிக்கே இருமினேன். அறுவடைக்குள் முழு அடியும் தாங்கியது.

டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார். "அடிவரைக்கும் காத்து போகுது" என்றார்.

மெட்டுப் போட்டவர் யார் என்று கோபாலுவைக் கேட்டேன். பிளேட்டைத் திருப்பிப் பார்த்தார். "பாடுனவங்க பேரு கீது. அவரு பேரு இல்லண்ணே."

கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். "யார் பேருக்கு? நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"தெரியாதுங்க சாமி. சினிமாப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவரு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா சொல்றே? சரி, சுவாமி பேருக்கே பண்ணிடறேன்."

மூச்சை இழுத்தால் இடது பக்கம் இன்றும் வலதுக்குக் கொஞ்சம் பின்னால்தான் ஏறுகிறது. பிராகாரம் சுற்றும்போது அது வந்து சேரட்டும் என்று தூணோரம் நின்றுகொள்கிறேன். முன்பெல்லாம் மூன்று சுற்றை முடித்துவிட்டு வயலுக்கு ஓடுவேன். இப்போது ஒரு சுற்றிலேயே காலைப்பொழுது நிறைந்துவிடுகிறது.