ரசலையன் பெயரைச் சொன்னவள்

முத்துக்கனி அழகியும் இல்லை, அடக்கமானவளும் இல்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தெருவில் கூவி விற்றவள். சுசீந்திரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாள். அவள் புருஷன் ரசலையனுக்கு ஆறுமுகப்பெருமாள் பிள்ளையின் தென்னந்தோப்பில் வேலை. நல்ல மனுஷன்தான், முதுகெலும்புதான் கொஞ்சம் குறைவு.

எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் குளிக்க, துவைக்கக் கிழக்குக் குளம் ஒன்றுதான். பிள்ளை அதைத் தன் வீட்டு அண்டா என்று நினைத்துக்கொண்டார். கயிறு திரிக்கத் தேங்காய் உரித்த மட்டையை, அதான் கதம்பலை, மாதக்கணக்காக அதில் அழுகப் போட்டார். தண்ணீர் கறுத்தது. முங்கி எழுந்தால் பிணத்தோடு படுத்து எழுந்த மாதிரி நாறும். பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறி.

ஐம்பத்திரண்டில் பெரிய தேர்தல் வந்தது. பெண்களுக்கும் ஓட்டு என்றார்கள். தலைவாரி, பூ வைக்கிறவள் பூவும் வைத்துக்கொண்டு போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த ஆபீசர், "புருஷன் பேரு?" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் முந்தானையைக் கடித்தோம். எவள் சொல்வாள்? பிள்ளையின் கணக்கன் தாணு வாசலில் நின்றான். தனக்கு வேண்டியவளுக்கு அவனே பெயரைச் சொல்லி உள்ளே விட்டான். குளத்துக்காகச் சண்டை போட்டிருந்த முத்துக்கனி வந்ததும், "இவ யாருண்ணு எனக்குத் தெரியாது சார்" என்றான். அன்று காலையில்தான் அவள் கிழங்கை வாங்கித் தின்றிருந்தான். ஆபீசர் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மறு வருஷம் பஞ்சாயத்துத் தேர்தல். தையல்காரர் ஜெபதாஸ் தன் கடையில் ஊர்நல மன்றம் என்று ஒன்று நடத்திவந்தார். எந்தக் கட்சிக்கொடியும் வாசல் தாண்டக்கூடாது. கட்சித் துண்டு போட்டு வந்தால் கழற்றி ஆணியில் தொங்கவிட்டுத்தான் உட்கார வேண்டும். பஞ்சாயத்துக்கு என்ன அதிகாரம், எந்தக் குளம் யாருக்குச் சொந்தம் என்று படித்துச் சொல்வார்கள். கிழக்குக் குளம் ஊருக்குச் சொந்தம் என்று அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது.

"யாருக்கு ஓட்டுண்ணு இங்க யாரும் சொல்லப்பிடாது. தேர்தல்ல நிக்கவன்ட்ட கேள்வி மட்டும் கேக்கலாம்" என்றார் ஜெபதாஸ்.

தலைவர் பதவிக்கு நின்றது இரண்டு பேர், பிள்ளையும் ஞானசிங்கும். ஞானசிங் மன்றத்துக்கு வந்து, கதம்பலை எடுத்துவிடுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனான். பிள்ளையோ, "தையக்காரன் கடைக்கு நான் எதுக்கு வரணும்?" என்று ஆள் சொல்லிவிட்டார்.

"எல்லாம் சரி அண்ணாச்சி, வாசல்ல தாணு நின்னா நாங்க எப்பிடி உள்ள போவோம்?" என்று கேட்டாள் முத்துக்கனி.

"மாப்பிள பேர நீங்களே சொன்னா ஒருத்தனும் தடுக்க முடியாது."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை படித்துறையில் முத்துக்கனி இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏட்டி, ஒவ்வொருத்தியா சொல்லிப் பழகுங்கட்டி."

"பேரச் சொன்னா அவிய ஆயுசு கொறையுமே" என்று ஒருத்தி சிணுங்கினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நான் ஒரு நாளும் சொன்னதில்லட்டி. எனக்க மாப்பிள நாப்பது வயசு காணாமச் செத்துப் போயாச்சு. சொல்லாம இருந்து நான் என்னத்தக் கண்டேன்?" என்று கேட்டேன். அந்த நாற்றக் குளத்தைப் பார்த்து, "வள்ளிநாயகம்!" என்று கத்தினேன். கட்டிய நாள் முதல் அதுதான் முதல் தடவை. பிறகு ஒவ்வொருத்தியாக ஆரம்பித்தார்கள். ஒருத்தி துவைகல்லிடம் சொன்னாள். இன்னொருத்தி வெட்கப்பட்டுத் தண்ணீருக்குள் முங்கிச் சொல்லிவிட்டு, இருமிக்கொண்டே எழுந்தாள்.

ரசலையன் காதுக்குச் செய்தி போனது.

"பிள்ளைவாள் என்னிய வேலய விட்டு நிறுத்திருவாரு. நீ எனக்க பேர அங்க சொன்னேண்ணா இந்தப் படி ஏறாத" என்றான்.

"கறுத்த வெள்ளத்துல குளிச்சிட்டுச் சொறியது எனக்க பிள்ளைகளா, பிள்ளைவாளா?" என்று கேட்டுவிட்டுக் கிழங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் அன்றைக்கு அவள் கூவலில் சத்தமே இல்லை. வீடு போய்விடும் என்று அவளுக்கும் தெரியும்.

தேர்தல் அன்று தாணு அதே வாசலில் நின்றான். முத்துக்கனிதான் முதலில் போனாள்.

"புருஷன் பேரு?"

தாணு வாயைத் திறந்தான். "இவ யாருண்ணு..."

"ரசலையன்!" ஆண்கள் வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டிருக்கும். "பிள்ளைவாளுக்க தோப்புல வேல பாக்க ரசலையன். நான் யாருண்ணு எனக்க கெழங்கத் தின்ன வாய்க்குத் தெரியல்லியாம் சார்!"

ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டைக் கொடுத்தார். பின்னாலேயே நாங்களும் சொல்லிச் சொல்லி உள்ளே போனோம். கடைசியில் பிள்ளையின் மனைவி பகவதியம்மாள் வந்தாள். தாணு குனிந்து, "சார், இது நம்ம பிள்ளைவாள் வீட்டம்மா" என்றான்.

"தள்ளுலே தாணு. எனக்கும் வாயிருக்கு." அவள் நிமிர்ந்து, "ஆறுமுகப்பெருமாள்" என்றாள். யாருக்குப் போட்டாள் என்று நாங்கள் கேட்கவில்லை. மன்றத்தில் அது வழக்கமில்லை.

சாயங்காலம் முத்துக்கனி வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"ரசலையா! கதவத் தொறயும்!"

தெருவே வெளியே வந்தது. உள்ளேயிருந்து, "ஏட்டி, மெள்ளப் பேசு!" என்று சத்தம்.

"தொறக்கது வரைக்கும் சொல்லுவேன். ரசலையா! ஏ ரசலையா!"

தாழ் படக்கென்று திறந்தது.

ஞானசிங் ஜெயித்தான். தோப்பு வேலை போன ரசலையன், கொஞ்ச நாள் முறைத்துவிட்டு அவளோடு கிழங்கு சுமந்தான். குளத்தில் மட்டும் கதம்பல் அப்படியே கிடந்தது. முத்துக்கனி ஞானசிங்கை மன்றத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டாள். "பாப்போம்" என்றான்.

"பாத்தது போதும்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். அழுகின கதம்பலை வாரி, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் மலையாகக் குவித்தோம். ஞானசிங் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"இது யாரு செஞ்ச வேல? பேரச் சொல்லுங்க!"

"முத்துக்கனி" என்றாள் அவள்.

"பிச்சம்மாள்" என்றேன் நான். அடுத்தடுத்து எல்லோரும் சொன்னார்கள்.

முத்துக்கனி கையிலிருந்த சேற்றை அந்த வாசற்படியிலேயே வழித்துவிட்டுக் கேட்டாள். "மாப்பிளமாருக்க பேரும் வேணுமா?"

மிச்சக் கதம்பலை எடுக்க அன்றைக்கே வண்டி வந்தது.